விழுந்த மரமும் கடைசல் தொழிலும்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூரிலாயினும் ஆவடியிலாயினும் பூவிருந்தவல்லியிலாயினும் ஒரு சாலை மரம் சாய்ந்துவிட்டால் அப்புறம் நடப்பது யாது என்பதை நேயர்கள் கண்ணாரக் கண்டிருப்பார்கள். முதலில் மின்சார வாரியத்தார் வந்து கம்பிகளை விலக்குவார்கள். பிறகு மோட்டார் ரம்பத்துடன் சிலர் வருவார்கள். கிளைகள் ஒரு லாரியிலும், அடிமரம் தூக்குவதற்கு வசதியாகத் துண்டு துண்டாக அறுக்கப்பட்டு இன்னொரு லாரியிலும் ஏறும். அஸ்தமனத்திற்குள் வீதி சுத்தமாகிவிடும். ஐம்பது அறுபது வருஷம் நின்று மூன்று தலைமுறைக்கு நிழல் கொடுத்த மரம் எங்கே போயிற்று என்று விசாரிப்பார் எவருமில்லை. அது பெரும்பாலும் அடுப்புக்குப் போயிற்று என்பதே விடை. அடுப்புக்குப் போகாதது குப்பை மேட்டில் கிடந்து கறையானுக்கு இரையாகிறது.

2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி திங்கட்கிழமை வர்தா என்னும் புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்று நகரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஆயிரக்கணக்கான மரங்களை ஒரே பகலில் வேரோடு பெயர்த்தெறிந்தது. கிண்டி வனத்திலும் வண்டலூர் மிருகக்காட்சிச் சாலையிலும் நேர்ந்த நஷ்டம் பத்திரிகைகளில் விரிவாக வந்தது. அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து வீதிகளில் சாய்ந்தவற்றைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. அப்பொழுது ஜனங்கள் இருந்த நிலைமையையும் மறந்துவிடக் கூடாது. முதலமைச்சர் ஜெயலலிதா காலமாகி ஒரு வாரமே ஆகியிருந்தது. பெரிய நோட்டுகள் செல்லாவென்று நவம்பர் 8-ஆம் தேதி அறிவிக்கப்பட்டதனால் கையில் ரொக்கமும் இல்லை. வீதியைத் திறந்துவிட்டால் போதும், மின்சாரம் வந்தால் போதும் என்றிருந்த வேளையில், விழுந்த மரத்தை இனம் பிரித்து வை என்று எவரும் சொல்லியிருக்க முடியாது, சொல்லியிருந்தாலும் கேட்பாரில்லை. அதற்காக அதிகாரிகளைக் குறை கூறுவது நியாயமாகாது. ஆனால் அதற்குப் பின்னும் 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறி டெல்டா ஜில்லாக்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கிற்று. வரப்போவது நிச்சயமென்று தெரிந்த விருந்தாளிக்கு இலை போட்டு வைக்காதிருப்பது என்ன நிர்வாகம்?

விழுந்த மரம் பலகைக்கு உதவாது என்று மர வியாபாரிகள் சொல்வது பெரும்பாலும் உண்மையே. சாலை மரம் காட்டு மரத்தைப் போல் நேராக வளர்வதில்லை. கம்பிக்காகவும் கட்டடத்திற்காகவும் வருஷந்தோறும் வெட்டுப்பட்டு முண்டும் முடிச்சுமாக வளர்கிறது. அடிமரத்தில் விளம்பரத் தட்டிகளுக்கு அடித்த ஆணிகள் புதைந்திருக்கும். அறுவை ஆலையில் ஓர் ஆணி பட்டால் ரம்பத்தின் பற்கள் போயின. ஆகவே ஆலைக்காரர் அதைத் தொட அஞ்சுகிறார். ஆனால் ஆலைக்காரர் வேண்டாமென்று ஒதுக்கும் அந்தக் கவைமுண்டும் குட்டைத் துண்டுமே கடைசல்காரருக்கு வேண்டியவை. ஒரு கிண்ணத்திற்கு ஒன்றரைச் சாண் துண்டு போதும். குங்குமச் சிமிழுக்கும் பம்பரத்திற்கும் கிலுகிலுப்பைக்கும் நான்கு விரற்கடைப் பருமனுள்ள கிளை போதும். மத்து, சப்பாத்திக் குழவி, விளக்குத் தண்டு, சதுரங்கக் காய், தொட்டிற் கால், குழந்தைகள் விளையாடும் செப்புச் சாமான் ஆகிய யாவும் இவ்விதமே. இரண்டு கிளைகள் பிரியும் கவையிலே மரத்தின் ரேகை மயிற்றோகைபோல் விரிந்திருப்பதை, அதைக் கடைந்து பார்த்தவர்களே அறிவார்கள்.

கடைதல் என்ற சொல்லையே சிறிது ஆராய்ந்தால் இத்தொழில் நமக்கு எவ்வளவு பழையது என்பது விளங்கும். தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் நாம் ஒரே சொல்லை வழங்குகிறோம். காரணம் வெளிப்படை. மத்தில் கயிற்றைச் சுற்றி மாறி மாறி இழுத்தால் மத்து இங்குமங்கும் சுழல்வதுபோல, முற்காலத்துக் கடைசற் பட்டறையில் மரத்துண்டை இரு முனைகளுக்கிடையே பொருத்திக் கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுக்க, மற்றொருவர் உளியைப் பிடிப்பார். பின்பு மின்சார மோட்டார் வந்தது, கயிறு போயிற்று, சொல் மட்டும் நின்றுவிட்டது. 'லேத்' என்ற இங்கிலீஷ் சொல்லை வழங்கும் நம்மவர் பலருக்குக் கடைசல் என்று ஒரு சொல் இருப்பதே தெரியாது. அது தெரியாதது பெரிய குற்றமன்று. தொழில் தெரியாமற் போவதே வருந்தத்தக்கது.

தமிழ்நாட்டில் இத்தொழில் இன்னும் உயிரோடிருக்கும் இடங்களில் முக்கியமானது திருநெல்வேலி ஜில்லாவில் தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரம். அவ்வூர்ச் செப்புச் சாமான்களை அறியாத தென்னாட்டு வீடு முன்னாளில் இராது. அடுப்பு, பானை, உரல், உலக்கை, திருகை, குடம் என்று ஒரு குடித்தனத்திற்கு வேண்டிய அனைத்தும் விரலளவில் கடைந்து அரக்கு வர்ணம் ஏற்றி ஓலைப் பெட்டியில் வைத்து விற்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கிய மஞ்சட்கடம்பு மரமே அவர்களுக்கு ஆதாரமாயிருந்தது. காட்டைக் காக்கும் சட்டங்கள் இறுகின. 1988-இல் களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து புலிகள் காப்பகமாயின. காட்டைக் காத்தது மிகச் சரியே; அதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. எனினும் காட்டு மரம் நின்றபின் கடைசல்காரருக்கு எந்த மரம் என்று யோசித்தவர்கள் இல்லை. அவர்கள் யூகலிப்டஸையும் ரப்பர் மரத்தையும் விலை கொடுத்து வாங்கிச் சமாளிக்க வேண்டியதாயிற்று. பிளாஸ்டிக் செப்பு சந்தைக்கு வந்து அதையும் கெடுத்தது. ஒரு பக்கம் மரமில்லாமல் கடைசல்காரர் திண்டாடுகிறார். மற்றொரு பக்கம் கடைசல்காரரில்லாமல் மரம் அடுப்பில் எரிகிறது. இவ்விரண்டையும் சேர்த்து வைப்பார் வேண்டும்.

அயல் மாகாணங்களைப் பார்ப்போம். பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் சுமார் 60 கிலோமீட்டரில் சென்னப்பட்டணம் இருக்கிறது. ஆந்திர தேசத்தில் வராக நதிக் கரையில் ஏட்டிகொப்பாக்கா என்ற கிராமம் இருக்கிறது. இரண்டு ஊராரும் பெரும்பாலும் ஒரே ஜாதி மரத்தையே கடைகிறார்கள். கன்னடத்தில் ஆலெ மரம், தெலுங்கில் அங்குடு என்று வழங்கும் அது நம் நாட்டு வெட்பாலையே. கடைந்த பொருள் சுழன்றுகொண்டிருக்கும்போதே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வதால் எழும் சூட்டில் அரக்கு இளகி மரத்தின்மேல் படிகிறது; பிறகு தாழை மடலை வைத்துத் தேய்க்கப் பளபளப்பு வருகிறது. பெயிண்ட் இல்லை, எண்ணெய் இல்லை, காயவைக்கும் வேலையும் இல்லை. ஏட்டிகொப்பாக்காவில் மஞ்சள் முதலிய தாவரச் சாயங்களையே அரக்கில் சேர்க்கும் வழக்கத்தைப் புதுப்பித்த சி. வி. ராஜு என்பவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவ்வூர்ப் பொம்மைகள் 2017-இல் புவிசார் குறியீடு பெற்றன. சென்னப்பட்டணம் அதற்கு முன்பே பெற்றுவிட்டது. குழந்தை வாயில் வைத்தாலும் தீங்கில்லாத சாயம் என்பதே அவர்களுடைய வியாபாரத்திற்கு வலிமை. வெட்பாலை பெரிய மரமன்று. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும். நம் ஜில்லாவின் புறம்போக்குகளில் அதை வளர்க்கத் தடையொன்றும் இல்லை.

நமது மேற்குப் புறநகர்ச் சாலைகளில் விழுகின்ற மரங்கள் எவை? தூங்குமூஞ்சி, குல்மோகர், மஞ்சட்பூப் பூக்கும் பெருங்கொன்றை, புங்கன், வேம்பு, பூவரசு, வாகை, புளி. இவற்றுள் முதல் மூன்றும் அயல்நாட்டிலிருந்து அலங்காரத்திற்காகவும் நிழலுக்காகவும் வந்தவை. காற்றுக்கு முதலில் சாய்பவையும் பெரும்பாலும் அவையே என்பதை வர்தாவிற்குப் பின் மரங்களைக் கணக்கெடுத்தவர்கள் எடுத்துக்காட்டினார்கள். வேம்பின் பெருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை. பூச்சி அண்டாத மரம். பூரி ஜகந்நாதருடைய திருமேனியே வேம்பினாலானது. வாகை செக்குக்கு ஏற்றது. புளியங்கட்டை கொட்டாப்புளிக்கும் கறிக்கடைக் கட்டைக்கும் உரியது. அதைக் கடைவதற்கு உளியை அடிக்கடி சாணை பிடிக்க வேண்டும். பூவரசு நெருங்கிய ரேகையும் அழகிய நிறமும் உடையது. பசிபிக் தீவுகளில் அதைக் கிண்ணம் கடையத் தெரிந்தெடுக்கிறார்கள். நாமோ வேலி முளையாக்குகிறோம். குல்மோகர் மென்மையானது, சீக்கிரம் உளுத்துவிடும். அதில் அதிக ஆசை வைக்க வேண்டாம்.

தூங்குமூஞ்சியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடபாகத்திலும் பிறந்த இம்மரம் உஷ்ண நாடுகளெங்கும் பரவியது. நம்மவர் இதை விறகுக்கும் ஆகாதென்று இகழ்வார்கள். ஹவாய்த் தீவில் இதே மரத்தைக் கடைந்து கிண்ணங்களும் தட்டங்களும் செய்து, இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பின் அங்கு வந்து குவிந்த உல்லாசப் பிரயாணிகளுக்கு விற்று ஒரு பெரிய கைத்தொழிலையே நடத்தினார்கள். பின்னர் பிலிப்பைன்ஸ் தேசத்தாரும் தாய்லாந்துக்காரரும் அதே சரக்கை மலிவாகச் செய்து அவர்களை முந்தினார்கள். காரணம் யாதெனில், தூங்குமூஞ்சி உலரும்போது மற்ற மரங்களைப்போல் அதிகமாகச் சுருங்குவதில்லை. ஆகவே பச்சையாகவே கடைந்துவிடலாம். வைரப் பாகம் செம்பழுப்பாகவும் வெள்ளைப் பாகம் சந்தனம்போலும் இருப்பதால் ஒரே கிண்ணத்தில் இரண்டு வர்ணம் அமைகிறது. அப்படிப்பட்ட மரம் நமது தெருவில் விழுந்தால் அதை எடுத்துப்போகக் கூலி கொடுக்கிறோம்! வெள்ளைப் பாகத்தைத் துளைக்கும் வண்டுக்கு மட்டும் முன்னெச்சரிக்கை வேண்டும்.

மற்ற மரங்களுக்குப் பதப்படுத்துதலே உயிர்நாடி. இதில் அலட்சியம் செய்தவர்கள் ஆறே மாதத்தில் தொழிலைக் கைவிட்டுவிடுவார்கள். புதிதாக வெட்டிய மரத்தில் உலர்ந்த கட்டையின் எடையில் பாதியளவோ அதற்கு மேலுமோ நீர் இருக்கும். சென்னைக் காற்றில் அது நூற்றுக்கு 12 முதல் 14 பங்காகக் குறையும் வரையில் மரம் சுருங்கிக்கொண்டே இருக்கும். வளையங்களின் சுற்றுவாட்டத்தில் சுருங்குவது, நடுவிலிருந்து புறத்தை நோக்கிய வாட்டத்தில் சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இரட்டிப்பு. இந்த வேற்றுமையினாலேதான் முழு உருளையாகக் கிடக்கும் மரம் நடுக்குருத்தை நோக்கிப் பிளக்கிறது. ஆகையால் மரம் விழுந்த அன்றே, தவறினால் இரண்டொரு நாளில், செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. துண்டை நடுக்குருத்தின் வழியே நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டுவாய்களில் உருக்கிய மெழுகைப் பூசிவிட வேண்டும். மெழுகில்லாவிடில் பழைய பெயிண்டாவது பூசலாம். ஏனெனில் மரத்திலுள்ள நீர் பக்கங்களைவிட வெட்டுவாயின் வழியாகவே விரைந்து வெளியேறுகிறது. பின்பு வெயில் படாத, காற்றோட்டமுள்ள கொட்டகையில் தரையினின்று உயர்த்தி அடுக்க வேண்டும்.

கிண்ணம் கடைவோருக்கு வேறொரு வழியும் உண்டு. பச்சை மரத்தையே முதலில் பருமனாகக் கடைந்துவிடுவது. பத்து அங்குல அகலமுள்ள கிண்ணமானால் சுவர் ஓர் அங்குலப் பருமன் இருக்கலாம்; அதாவது பத்தில் ஒரு பங்கு. இதைக் காகிதப் பையிலோ மரத்தூளிலோ வைத்துச் சில மாதங்கள் மெதுவாக உலரவிட்டால் வட்டம் நீள்வட்டமாகக் கோணும், ஆனால் பிளக்காது. வாரந்தோறும் தராசில் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றவுடன் மீண்டும் பட்டறையில் ஏற்றி மெல்லியதாகக் கடைந்தால் கோணல் போய்விடும். வாரம் ஒருமுறை நிறுக்கிற பொறுமை நம்மவருக்கு இராது என்று சிலர் கூறக்கூடும். ஊறுகாய் ஜாடியை வருஷம் முழுவதும் கிளறிக் காக்கிற தாய்மார் வாழும் தேசத்தில் இவ்வாட்சேபம் எடுபடாது.

கைகள் எங்கே என்று கேட்டால் அம்பத்தூரைக் காட்டுவோம். 1964-இல் ஏற்பட்ட அம்பத்தூர்த் தொழிற்பேட்டை சிறு தொழில்களுக்காக அமைந்தவற்றுள் மிகப் பெரியவைகளில் ஒன்றென்று பெயரெடுத்தது. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. இவற்றை நம்பி எழுந்த சிறு பட்டறைகளில் இரும்பையும் பித்தளையையும் கடைந்து ஜீவித்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் 'டர்னர்' என்பதே இரண்டு வருஷத் தனிப் படிப்பு. கம்ப்யூட்டரால் இயங்கும் யந்திரங்கள் வந்தபின், கையால் லேத் பிடித்த அநேகர் வேலையிழந்தோ வேறு வேலைக்கு மாறியோ இருக்கிறார்கள். இரும்புக் கடைசலும் மரக் கடைசலும் ஒன்றல்ல என்பது மெய்யே. இரும்புக்கு உளி யந்திரத்தில் பூட்டப்பட்டு, திருகினால் நகர்கிறது. மரத்திற்கோ உளியைத் தாங்கியின்மேல் வைத்துக் கையாலேயே நடத்த வேண்டும். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கை உணர வேண்டும். ரேகைக்கு விரோதமாக உளி பாய்ந்தால் துண்டு தெறித்துப் போய்விடும். ஆனாலும் அளவு, மையம், வேகம், சாணை என்ற நான்கும் அறிந்த ஒருவருக்கு மற்றவை சில வாரங்களில் கைவரும். ஒன்றுமறியாத பிள்ளைக்கு ஆகும் காலத்தில் நாலில் ஒரு பங்கு ஆகாது.

சரி, செய்தால் யார் வாங்குவார்கள்? இங்கேதான் இப்பத்தியைப் படிக்கிற அரசியல் ஊழியர்களை நேராக நோக்கிச் சில வார்த்தை சொல்ல நேர்கிறது. நம் நாட்டில் கூட்டமென்றால் பொன்னாடை, விழாவென்றால் கேடயம். ஒரு மாவட்ட மாநாட்டில் மேடையிலுள்ள ஒவ்வொருவருக்கும் சால்வை போர்த்தி முடிக்க அரை மணி நேரமாகிறது. அந்தச் சால்வை பட்டுமன்று, பருத்தியுமன்று; எண்ணெயிலிருந்து பிறந்த நூல். போர்த்திய கணமே பின்னாலிருக்கும் காரியதரிசியின் கையில் போய்ச் சேருகிறது. கேடயமோ தங்க முலாமென்ற பெயரில் பிளாஸ்டிக்கின்மேல் பூசிய பளபளப்பு. அதைப் பெற்றவர் வீட்டில் வைக்கவும் மாட்டார், பெயர் பொறித்திருப்பதால் எறியவும் மாட்டார். பரண்மேல் போய்விடும். எத்தனை தலைவர்களுடைய பரண்கள் இவ்வாறு நிறைந்திருக்கின்றன என்று கணக்கெடுத்தால் வேடிக்கையாயிருக்கும். 1955 ஜனவரியில் இதே ஆவடியில் தேபர் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை சோஷலிஸ மாதிரிச் சமுதாயமே தேசத்தின் லட்சியமென்று தீர்மானித்தது. கடைசியில் சோஷலிஸம் எவ்வளவு வந்தது என்ற விவாதம் இருக்கட்டும். கேடயங்கள் மட்டும் ஏழை பணக்காரர் வித்தியாசமின்றி எல்லோருக்கும் கிடைத்துவிட்டன.

அந்தக் கேடயத்திற்குப் பதிலாக அந்த ஊர்ச் சாலையில் விழுந்த வேம்பைக் கடைந்த ஒரு சிமிழையோ, பூவரசினாலான ஒரு பேனாக் கூட்டையோ கொடுத்தால் கௌரவம் குறைந்துவிடுமா? அடியில், இன்ன தெருவில் இன்ன வருஷம் சாய்ந்த மரம் என்று சூட்டுக்கோலால் பொறித்துவிடலாம். கலியாணத் தாம்பூலப் பைகளில் வைக்கும் பிளாஸ்டிக் டப்பிக்கும் நவராத்திரியில் சுமங்கலிகளுக்குக் கொடுக்கும் வெற்றிலைப் பாக்கோடு வைக்கும் சிறு பரிசுக்கும் இதே வழி பொருந்தும். ஒரு தாலுக்காவில் ஒரு பருவத்தில் நடக்கும் கலியாணங்கள் மட்டுமே ஐந்தாறு பட்டறைகளைப் போஷிக்கப் போதும்.

மரம் இன்னதென்று பொறித்துத் தரும்போது நேர்மை வேண்டும். இதற்கு இங்கிலாந்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. நாம் கறுப்பு அங்கி தரித்தவராதலால் அதை எடுத்துரைக்கும் ஆசையை அடக்க முடியவில்லை. மகாகவி ஷேக்ஸ்பியர் ஸ்ட்ராட்போர்டு நகரில் தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு முசுக்கட்டை மரத்தை நட்டாரென்பது அவ்வூரார் நம்பிக்கை. பிற்காலத்தில் அவ்வீட்டை வாங்கிய கேஸ்ட்ரெல் என்ற பாதிரியார், மரத்தைப் பார்க்க வருவோருடைய தொல்லை பொறாமல், 1750-களில் அதை வெட்டிச் சாய்த்துவிட்டார். ஊரார் கொதித்தார்கள். தாமஸ் ஷார்ப் என்ற கடிகாரக்காரரோ கட்டையில் பெரும் பாகத்தை வாங்கிச் சிமிழும் கோப்பையும் பெட்டியுமாகச் செய்து நாற்பது வருஷகாலம் விற்றார். 1769-இல் நடிகர் கேரிக்குக்கு நகரசபையார் அளித்த உரிமைப் பத்திரமும் அம்மரத்தாலான பெட்டியிலேயே வைக்கப்பட்டது. விற்ற சாமான்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மரத்தில் அவ்வளவு கட்டை இருந்திருக்குமா என்று ஜனங்கள் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். 1799-இல் மரணத் தறுவாயில் ஷார்ப் மேயரின் முன் பிரமாணம் செய்து, தாம் விற்றவை யாவும் அந்த மரமே என்று வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். நம்பினவர் நம்பினார்கள். சாட்சியின் முடிவுக்கால வாக்குமூலத்திற்குச் சட்டம் மதிப்பளிக்கிறது. ஆனால் அளவுகோலை வாக்குமூலத்தால் நீட்ட முடியாது. நமது பட்டறைகள் தொடக்கத்திலேயே ஒரு பேரேடு வைத்து, எந்த மரம், எத்தனை கன அடி, எத்தனை உருப்படி என்று எழுதிவந்தால் எவருக்கும் பிரமாணம் செய்ய வேண்டிய அவசியம் நேராது.

சட்டத்தைத் தொட்டுவிட்டோமாதலால் மரம் யாருடையது என்பதையும் சொல்லிவிடுவோம். நெடுஞ்சாலையோர மரம் நெடுஞ்சாலை இலாகாவுக்கும், வீதி மரம் ஸ்தல ஸ்தாபனத்திற்கும், ஏரிக்கரை மரம் நீர்வளத் துறைக்கும், ஆவடியில் ராணுவ எல்லைக்குள் நிற்பது ராணுவத்திற்கும் சொந்தம். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து அதன் 7-ஆவது மண்டலமாயிற்று. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. பூவிருந்தவல்லி நகராட்சி. ஒரே சாலையில் அரை மணிப் பிரயாணத்தில் மூன்று ஸ்தாபனங்கள்! விழுந்த மரத்தை எவரும் தாமாக எடுத்துச் செல்லல் ஆகாது. அது பொதுச் சொத்து. கட்டையை வண்டியேற்றிச் செல்வதற்கு 1968-ஆம் வருஷத்து மரப் போக்குவரத்து விதிகள் வேறு இருக்கின்றன. இப்போதைய வழக்கப்படி ஒட்டுமொத்தமாக எடைக் கணக்கில் ஏலம் விடும்போது, நான்கு துண்டு மட்டும் வேண்டிய கடைசல்காரர் அதில் நுழையவே முடியாது. லாரிக் கணக்கில் எடுக்கும் விறகு வியாபாரிக்கே அது அனுகூலம். ஏலத்திற்கு முன் அடிமரத்தையும் கவைகளையும் இனம் பிரித்துச் சிறு குவியல்களாக்கி, பதிவுபெற்ற கைவினைஞருக்கு நிர்ணய விலையில் கொடுக்கலாமென்று ஒரு தீர்மானம் போதும். ஸ்தாபனத்திற்கு வருமானம் குறையாது. விறகு விலைக்குமேல் ஒரு பங்கு கூடவே வரும்.

இதில் ஓர் அபாயம் உண்டு. அதை மறைப்பது நாணயமன்று. விழுந்த மரத்திற்கு விலையேறினால் நிற்கும் மரத்திற்கும் கண் படும். வேரருகே அமிலம் ஊற்றுவதும் பட்டையைச் சுற்றிச் சீவிவிடுவதும் நமக்குப் புதியனவல்ல. சர்க்கார் நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டுமென்று 2021-இல் ஏற்பாடு செய்யப்பட்டது. காற்றில் சாய்ந்ததற்கும் கையால் சாய்த்ததற்கும் உள்ள வேற்றுமையை வேரைப் பார்த்தே வன இலாகாவினர் சொல்லிவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு மரத்திற்கும் விழுந்த இடத்திலேயே வேருடன் எடுத்த புகைப்படமும் தேதியும் இல்லாமல் ஒரு துண்டையும் பட்டறைக்குக் கொடுக்கலாகாது என்பது நமது திடமான அபிப்பிராயம். சாலை விஸ்தரிப்புக்காக வெட்டும் மரங்களை முதல் சில வருஷங்களுக்கு இத்திட்டத்தில் சேர்க்கவே கூடாது.

மற்றோர் அபாயம் தொழிலாளியின் சுவாசப்பைக்கு. மரத்தூள் புற்றுநோயை விளைவிக்கக் கூடியதென்று 1995-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் தீர்மானித்து அதை முதல் வகுப்பில் வைத்தது. மூக்கைத் துண்டால் கட்டிக்கொள்வது போதாது. தூளை இழுத்துவிடும் விசிறியும் தக்க முகமூடியும் பட்டறைச் செலவின் ஒரு பகுதியென்றே கருத வேண்டும். அரளி முதலிய நச்சு மரங்களில் உண்ணும் பாத்திரம் செய்யலாகாது. வண்டுக்காகப் போராக்ஸ் மருந்து ஏற்றிய கட்டையும் அவ்வாறே. அது விளக்குத் தண்டுக்காகட்டும்.

காந்தியடிகள் 1934-இல் அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தை ஏற்படுத்தியபோது அதை நடத்தும் பொறுப்பைத் தஞ்சாவூர்க்காரரான ஜே. சி. குமரப்பாவிடம் ஒப்புவித்தார். குமரப்பா லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்றவர். அனுதாபத்தால் கைத்தொழிலைப் பேசியவரல்லர். எது எங்கே வீணாகிறதென்று ஐந்தொகை போட்டுப் பார்த்தே பேசினார். அவருடைய முறையில் கணக்குப் பார்த்தால், ஒரு வேப்பந்துண்டு அடுப்பில் எரிந்து தரும் பணமும், அதே துண்டு பத்துச் சிமிழாகித் தரும் பணமும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசமாகும். அந்த வித்தியாசம் முழுவதும் ஒரு தொழிலாளி வீட்டுக் கூலி.

மூலதனத்திற்கு வழி இல்லையென்று சொல்லவும் இடமில்லை. மாநில சர்க்கார் 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைக் கைத்தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் நூற்றுக்கு 25 வீதம், 50,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியமும் அறிவிக்கப்பட்டன. பொம்மை செய்வோர் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரி 1-ஆம் தேதி முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனத்தின் முத்திரை கட்டாயமாயிற்று; ஆனால் மத்திய சர்க்காரின் கைவினை வளர்ச்சிக் கமிஷனரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. பதிவுச் சீட்டு இல்லாதவர் கிலுகிலுப்பை விற்றாலும் சட்டப்படி குற்றமாகும். இதைப் பலர் அறியார். வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு இறக்குமதி வரி 2020-இல் நூற்றுக்கு 20-லிருந்து 60 ஆகவும் 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டிருப்பதால் சந்தையும் முன்னைப்போல் அவ்வளவு விரோதமாயில்லை.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும். அதற்கு முன்பாக அம்பத்தூர் மண்டலத்திலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வார்டு அங்கத்தினராயிருக்கும் நண்பர்கள் மேற்சொன்ன தீர்மானத்தைத் தத்தம் சபையில் கொண்டுவர வேண்டும். கூரை வேய்ந்த ஒரு கொட்டகை, மரத்தின் அடிவாயை அளக்க ஒரு நாடா, ஒரு பேரேடு, ஒரு டின் மெழுகு, அதை உருக்க ஓர் அடுப்பு ஆகியவற்றிற்குமேல் முதல் வருஷம் செலவில்லை. கார்த்திகையில் விழும் வேம்பை அன்றே பிளந்து மெழுகு பூசி அடுக்கினால் அடுத்த ஆவணியில் சிறு சாமான்களுக்குரிய துண்டுகள் கடைசலுக்கு வந்துவிடும். நவராத்திரிக் கொலுவுக்கு நாளிருக்கும்.